வலி வாங்குகிறவள்

ஒரு காலத்தில் வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்குப் போனால், "மாத்திரை போட்டாச்சா?" என்று விசாரிப்பார்கள். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உங்க வீட்ல யாரு வாங்குறா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பாலோ காய்கறியோ வாங்குவதைப் பற்றிய கேள்வி இல்லை இது. வலி வாங்குவதைப் பற்றியது.

உறையூரில் சுகன்யாவின் வீட்டில் அதற்கு ஒரே பதில்தான். "நாந்தான் வாங்குறேன்." சொல்லும்போது குரலில் கொஞ்சம் சலிப்பு இருக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெருமை இருக்கும். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவளைக் காட்டி, "பொண்ணுன்னா இப்படிப் பெக்கணும்" என்று சொல்லும்போது, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளே குளிர்ந்துபோகும். மனுஷிதானே!

சுகன்யாவுக்கு ஐம்பத்தைந்து வயது. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். வீட்டில் சுகன்யாவும் அவளுடைய அப்பா செந்தில்நாதனும்தான். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பம் ஏறி ஏறியே முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. எண்பதைத் தாண்டின பிறகு கேட்கவே வேண்டாம். சர்க்கரை, பிரஷர், ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண் வரிசையில் நிற்கிறது. காது மிஷினை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலேயே காலைப் பொழுதில் பாதி போய்விடும். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான். மாத்திரையை வேளைவேளைக்குப் பிரித்து டப்பாவில் போட்டு, குளியலறையில் கைப்பிடி வைத்து, உப்பைக் குறைத்து எப்படியோ சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாமல் போனது வலிதான். முட்டி ஒரு பக்கம் குடையும். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதால் உள்ளங்கால் எந்நேரமும் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும். வலி மாத்திரை கொடுக்கலாம் என்றால் கிட்னி தாங்காது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தில்லைநகரில் வலி மாற்று மையம் திறந்தார்கள். சுகன்யாவும் அவள் தம்பி ஹரீஷும் அப்பாவை அழைத்துக்கொண்டு போனார்கள். ஜெனிபர் என்ற நர்ஸ்தான் அவர்களை உட்காரவைத்து விளக்கினாள்.

"வலிய அழிக்க முடியாதுங்க மேடம். இடம் மாத்தலாம், அவ்வளவுதான். அப்பா பிடரியில ஒரு பட்டை ஒட்டுவோம், உங்க பிடரியில ஒரு பட்டை. அவரு முட்டியிலருந்து மூளைக்குப் போற சேதிய அவரு பட்டை நடுவழியில புடிச்சுக்கும். புடிச்சத உங்க பட்டை உங்க மூளைக்குச் சொல்லும். முட்டி அவரோடது, வலி உங்களோடது. ஒரே ஊருக்குள்ள இருந்தா போதும், பக்கத்துலயே இருக்கணும்னு இல்ல."

"மருமக வாங்கலாமா?" என்று ஹரீஷ் கேட்டான்.

ஜெனிபர் சிரித்துவிட்டாள். "எல்லா பிள்ளைங்களும் இதத்தான் சார் முதல்ல கேக்குறாங்க. ரத்த சொந்தம்தான் வாங்க முடியும். நரம்பு ஒத்துப்போகணும். மருமக, மாப்பிள்ளைக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்ல."

செந்தில்நாதன் காது மிஷினைத் திருகிக்கொண்டே, "எனக்கு வலிக்கிறதுக்கு எம்புள்ள எதுக்கு அழணும்? வேண்டாம், எழுந்திரிங்க, போலாம்" என்றார். எழுந்தவர் முட்டி தாங்காமல் அப்படியே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அதற்கு மேல் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பட்டையை ஒட்டிவிட்டு ஜெனிபர் ஒன்று சொன்னாள். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "தினமும் காலையில எழுந்ததும் ரெண்டு பேரும் அரை மணி நேரம் பட்டையக் கழட்டி வச்சிரணும். வெறும் உடம்பா இருக்கணும். அப்ப உங்களுக்கு எது வலிக்குதோ, அது உங்களுது. மாட்டினதுக்கப்புறம் எது கூடுதலா வலிக்குதோ, அது அப்பாவோடது. இத மட்டும் விட்டுராதீங்க மேடம். கலந்துபோச்சுன்னா அப்புறம் எது யாருதுன்னு எங்களாலயும் சொல்ல முடியாது."

"அதெல்லாம் கரெக்டா பண்ணிருவேன்" என்றாள் கணக்கு டீச்சர்.

பழைய நாளில் அண்ணன் தம்பிகள் பெற்றவர்களை மாதம் ஒரு வீடு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்களே, அதே கணக்குத்தான் இங்கேயும். ஒரு வாரம் சுகன்யா, ஒரு வாரம் ஹரீஷ். கொஞ்ச நாள் அப்படி ஓடியது. ஹரீஷ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வலி வாங்குகிறவர்கள் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. வந்தது நல்லதுக்குத்தான். பிரேக்கில் கால் வைக்கிற நேரம் பார்த்து உள்ளங்கால் சுரீர் என்றால், பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் கதி என்ன?

ஹரீஷ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "அக்கா, லைசென்ஸ புடுங்கிருவாங்களாம்."

"நீ ஒண்ணும் பேசாதடா. நானே வாங்கிக்கிறேன். உனக்குக் குடும்பம் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை வண்டி இல்லல்ல. அன்னிக்காவது நான் வாங்கிக்கிறேன்."

"போடா, நீ தாங்கமாட்ட. சின்ன வயசுல ஊசி போட்டதுக்கே தெருவக் கூட்டினவன் நீ." அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை.

காலை அரை மணி நேரத்தை ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தாள். அலாரம் அடித்ததும் தன் பட்டையைக் கழற்றுவாள், அப்பாவுடையதையும் கழற்றுவாள். ஆனால் அது வயதானவர்கள் பாத்ரூம் போகிற நேரம். அடக்கி வைக்கிற வயதா அது? செந்தில்நாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நகர்வார். ஒருநாள் உள்ளே போனவரைக் காணவில்லையே என்று கதவைத் தள்ளிப் பார்த்தாள். துண்டின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தார். சத்தம் வெளியே கேட்டால் மகள் பயப்படுவாள் என்று துண்டு.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

அந்த நிமிடமே பட்டையை எடுத்துவந்து அவர் பிடரியில் ஒட்டினாள், தன்னுடையதையும் ஒட்டிக்கொண்டாள். அவர் முகம் தெளிந்தது. அவள் கால் எரிய ஆரம்பித்தது. அன்றோடு அந்த அரை மணி நேரம் நின்றுபோயிற்று. தனக்கு என்ன வலி இருக்கப்போகிறது, ஒரு தலைவலி காய்ச்சல் என்று படுத்த உடம்பா இது என்று நினைத்துக்கொண்டாள். பட்டை தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. குளிக்கும்போதுகூட அது பிடரியிலேயே இருந்தது.

அதன் பிறகு செந்தில்நாதனைப் பார்க்கணுமே! வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே பழைய லைன்மேன் கூட்டாளிகள் இருப்பார்கள். எந்த ஊர்ப் புயலில் எத்தனை கம்பம் சாய்ந்தது என்று நாள் பூராவும் பேசலாம் அவர்களுக்கு. ஒருநாள் எட்டாம் வகுப்பில் சுகன்யா வட்டத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தபோது, முட்டி இரண்டும் திடீரென்று பற்றிக்கொண்டன. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அப்பாவின் நெற்றி நிறைய விபூதி.

"எங்க போனீங்க?"

"சும்மா... மலைக்கோட்டை வரைக்கும்."

"கீழயா, மேலயா?"

அவர் செய்தித்தாளைப் பிரித்தார்.

"என் காலை வச்சுக்கிட்டு உச்சிப்பிள்ளையார் வரைக்கும் ஏறிட்டு வந்திருக்கீங்க! பாவி மனுஷா, நான் இங்க உக்காந்த இடத்துல மலையேறினேன்!"

அவர் குற்றவாளி மாதிரி மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "உனக்குப் பிரசாதம் வாங்கிட்டு வந்தேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சாயங்காலத்தைப் போல இன்னும் சில சாயங்காலங்கள் இருந்தன. இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தன.

முதுகுவலி ஆரம்பித்தது ஆடி மாதக் கடைசியில். மேல் வயிற்றில் தொடங்கி நடு முதுகுக்கு ஊடுருவிக்கொண்டு போவது போல ஒரு வலி. மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விடும். புதிதாக ஒரு வலி வந்தால் அவள் என்ன நினைப்பாள்? அப்பாவுக்கு முதுகும் போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

"அப்பா, என்னத்தையாவது தூக்கினீங்களா?"

"இல்லியேம்மா."

"பொய் சொல்லாதீங்க. முதுகு உங்களுது, வலி எனக்குல்ல தெரியுது."

இந்தக் கேள்விக்கு அவரால் என்ன பதில் சொல்ல முடியும்? அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. எல்லாச் சேதியும் பிடரியோடு திரும்பி மகளிடம் போய்விடுகிறது. அவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறதுதான். எழுந்ததற்கு, குனிந்ததற்கு, பேப்பர் பொறுக்கினதற்கு எல்லாவற்றுக்கும் பயப்பட ஆரம்பித்தார். முதலில் மலைக்கோட்டை நின்றது. பிறகு டீக்கடை. கூட்டாளிகள் வீடு தேடி வந்தபோது, "எம்பொண்ணுக்கு வலிக்கும்ப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தலையணை வைத்த நாற்காலியில், பொம்மை மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்ததும், "இன்னிக்கு நான் அசையவே இல்லம்மா. இன்னிக்குக் கொறஞ்சிருக்கணுமே?" என்று ஆவலாகக் கேட்பார்.

குறையவில்லை. அவள் குனிந்து சோபாவில் உட்கார்ந்து, "கொஞ்சம்ப்பா" என்பாள். சில நாள் அதுகூடச் சொல்லத் தோன்றாது. "உங்க முதுகு என் உயிர எடுக்குதுப்பா" என்று ஒருநாள் கத்தியே விட்டாள். அவர் முகம் சுருங்கினதைப் பார்த்துத் தானும் அழுதாள்.

சாப்பாடு இறங்கவில்லை. புடவை இடுப்பில் நிற்கவில்லை. வலி வாங்குகிறவர்கள் இளைப்பது ஊரறிந்த விஷயம்தானே, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் எல்லாருக்கும் பரிசோதனை செய்தபோது அவளுக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். "என்ன டீச்சர், அப்பாகிட்டருந்து வலியோட சேத்துச் சர்க்கரையையும் வாங்கிட்டீங்களா?" என்று பக்கத்து நாற்காலி தமிழ் டீச்சர் கிண்டல் பண்ணினாள். ஓய்வறையே சிரித்தது. சுகன்யாவும் சிரித்தாள். ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை வராமல் பின்னே எப்போது வரும்!

ஐப்பசி மழையில் அப்பாவை ஆட்டோவில் ஏற்றி மையத்துக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கௌஷிக் சின்ன வயசுக்காரர், நல்லவர். வெளியே வராந்தா நிரம்ப ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் நிதானமாகத்தான் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு முதுகு வலிக்குதா?"

"எனக்கு என்ன தெரியும் சார்? அவளக் கேளுங்க."

டாக்டர் சுகன்யா பக்கம் திரும்பினார். "காலையில அரை மணி நேரம் கழட்டிப் பாக்குறீங்கல்ல மேடம்?"

பாடத்தைப் படிக்காமல் வந்த பிள்ளைகள் எத்தனையோ பேரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் அவள். இப்போது அவளே அப்படி நின்றாள். 'இல்லை' என்று சொன்னால், இத்தனை நாள் விதியை மீறினதற்குப் பட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்ற பயம் ஒரு பக்கம். எதற்குக் கழற்றவில்லை என்று கேட்டால் அப்பா துண்டைக் கடித்துக்கொண்டு நின்றதைச் சொல்ல வேண்டுமே, அந்த வெட்கம் ஒரு பக்கம்.

"பாக்குறேன் டாக்டர்" என்றாள்.

"கழட்டும்போது உங்களுக்கு இந்த முதுகுவலி இருக்கா?"

"இல்ல டாக்டர். மாட்டினாத்தான் வருது."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். "அப்ப, கழட்டியிருக்கிற நேரத்துல உங்களுக்கு வலிக்கணுமே ஐயா?"

செந்தில்நாதன் மகளைப் பார்த்தார். அவள் கழற்றுவதே இல்லை என்பது அவருக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் பெற்ற பெண்ணை விட்டுக்கொடுப்பாரா? அந்தக் குடும்பத்தில் அந்தப் பழக்கமே கிடையாது. வீட்டுக்குள் எவ்வளவு சண்டை போட்டாலும், வெளி ஆள் முன்னால் ஒருத்தர் சொன்னதையே இன்னொருத்தரும் சொல்லுவார்கள்.

"ஆமா சார்" என்றார் அவர். "காலையில உயிர் போகுது."

அப்புறம் என்ன? இரண்டு பேரும் ஒன்றையே சொன்ன பிறகு, அங்கேயே கழற்றிப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். எண்பது வயது முதுகெலும்பை எடுத்துப் பார்த்தால் யாருக்குத்தான் தேயாமல் இருக்கும்? நடு முதுகில் எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் கௌஷிக் படத்தைக் காட்டி, "இன்னொரு ஆள் வாங்கினா பாதிப் பாதியா பிரிக்கலாம்" என்றார். "இல்லன்னா அந்த இடத்துலயே நரம்ப வெட்டிவிடுற ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. அதோட வலி சுத்தமா போயிடும். ஆனா நடு முதுகுக்குக் கீழ எதுவுமே இருக்காது. கால் வராது. பாத்ரூம் போறதும் தெரியாது. இந்த வயசுல நான் சிபாரிசு பண்ணமாட்டேன்."

"வேண்டாம் டாக்டர்" என்று சுகன்யா எழுந்துவிட்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் பார்த்தால், அப்பாவின் காது மிஷின் எப்போதோ பைக்குள் போயிருந்தது. டாக்டர் சொன்னது அவர் காதில் விழவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரீஷ் வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவினதும் செந்தில்நாதன் ஆரம்பித்தார். "அந்த நரம்பு வெட்டுற ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்க. நான் போன்ல பேசிட்டேன். அடுத்த வாரம் வேன எடுத்துட்டு வந்துருடா."

சுகன்யா தட்டை வைத்துவிட்டு வந்தாள். "என்னப்பா விளையாடுறீங்களா? கால் போயிடும்ப்பா!"

"தெரியும். அன்னிக்கே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கால் போனா படுத்த படுக்கைதான். யாராவது தூக்கி உக்கார வைக்கணும், துடைச்சு விடணும்..."

"அதுக்கு ஆள் வச்சுக்கலாம். வலிக்கு ஆள் வைக்க முடியாதுல்ல." அவர் குரல் உயரவில்லை. "ஏறாத கம்பம் இல்ல, நடக்காத ஊர் இல்ல. எண்பத்தொரு வயசுக்கு இந்தக் கால் செஞ்சது போதும். உன்னப் பாரு. உங்க அம்மா கடைசியில இருந்த மாதிரி இருக்க. நான் நடக்கிறதுக்கு நீ சாகணுமா?"

"அப்பா, நான் தாங்கிக்குவேன்."

"தாங்குறது தெரியுதே. நேத்து சமையக்கட்டுல ரெண்டா மடிஞ்சு நின்னுக்கிட்டு இருந்த. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

ஹரீஷ் அக்காவைப் பார்த்தான். "நான் வேன விட்டுடறேன்கா. பாதி எனக்குக் குடு" என்றான். செந்தில்நாதன் கையை ஓங்கி மேஜையில் தட்டினார். "எம் புள்ளைங்க ரெண்டு பேரும் எனக்காகச் சாக வேண்டாம். பேச்ச விடு."

சுகன்யா இன்னும் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காலில் விழுந்து கெஞ்சியிருக்கலாம். பிடிவாதத்தில் அப்பாவுக்குக் குறைந்தவளா அவள்? ஆனால் அந்த நேரம் முதுகில் அந்த வலி திருகிக்கொண்டிருந்தது. இது போய்விடும், ஒருநாள் மல்லாந்து படுத்துத் தூங்கலாம் என்கிற ஆசை அவள் வாயைக் கட்டிப்போட்டது. அவள் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷன் அன்று காலை நல்ல வெயில். வீட்டு வாசலிலிருந்து வேன் வரைக்கும் தானே நடந்து வருவேன் என்றார் செந்தில்நாதன். யாரையும் தொட விடவில்லை. இரும்புக் கேட்டைத் திறந்து, தெருவில் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "போடா" என்றார்.

தியேட்டருக்குள் அவரைக் கொண்டுபோன பிறகு, ஹரீஷ் காபி வாங்கிவந்தான். இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். வெகு நேரம் கழித்துக் கதவு திறந்து ஜெனிபர் வந்தாள். முகத்தில் சிரிப்பு.

"நல்லபடியா முடிஞ்சுது மேடம். நரம்ப வெட்டினாலும் உங்க பட்டை கடைசியா வந்த சேதியையே சொல்லிக்கிட்டு இருக்கும், கழட்டினாத்தான் நிக்கும். இனிமே உங்களுக்கு இது தேவையில்ல. கொஞ்சம் குனிங்க."

பிடரியிலிருந்து பட்டையை உரித்தாள். அந்த இடத்துத் தோல் வெளுத்துப்போய், குழந்தைத் தோல் மாதிரி இருந்தது.

முதலில் உள்ளங்கால் குளிர்ந்தது. கிணற்றுத் தண்ணீரில் காலை விட்டது போல இருந்தது அவளுக்கு. பிறகு முட்டி. எத்தனை நாளாக மறந்துபோயிருந்தது, தன் முட்டி இவ்வளவு லேசானது என்று! அவள் கண்ணை மூடிக்கொண்டு முதுகுக்காகக் காத்திருந்தாள்.

முதுகு வலித்தது.

கொஞ்சங்கூடக் குறையாமல், மேல் வயிற்றிலிருந்து ஊடுருவிக்கொண்டு, எப்போதும் போல வலித்தது.

"ஜெனிபர்" என்று அவள் மெதுவாகக் கூப்பிட்டாள். "கழட்டினதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் வலி தங்குமா?"

"தங்காது மேடம். கழட்டின அந்த நொடியே போயிடும். அதுக்குத்தானே காலையில கழட்டிப் பாக்கச் சொல்றது." சொல்லிவிட்டு ஜெனிபர் அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. "மேடம்... நீங்க கழட்டிப் பாத்தீங்கல்ல?"

சுகன்யாவின் கையிலிருந்த காபியை ஹரீஷ் வாங்கிக் கீழே வைத்தான்.

அவளுடைய ஸ்கேனை அதே கட்டிடத்தில்தான் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி. ஈரலுக்குப் பரவி இருந்தது. ஆடி மாதத்திலேயே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் கௌஷிக் சொன்னார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்பாவின் முதுகு பற்றி அவள் கேட்டாள். எத்தனையோ பேருக்கு அப்படித் தேய்ந்த முதுகு வலியே இல்லாமல் இருக்கும் என்றார்.

வேனுக்குள் உட்கார்ந்து ஹரீஷ் விம்மி விம்மி அழுதான். "எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடுத்திருந்தீன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்லக்கா. உனக்கு நான் வாங்குறேன். வண்டி போனாப் போகுது. இன்னிக்கே பட்டை ஒட்டச் சொல்லு."

"பட்டைய எங்கடா ஒட்டுவ?" என்று அவள் கேட்டாள். "பிடரியிலதானே? நான் அப்பாவத் திருப்பிப் படுக்க வைக்கும்போது அவரு கண்ணுக்கு முன்னாடி என் கழுத்துதான் இருக்கும். பாத்துட்டுக் கேட்டாருன்னா என்ன சொல்லுவேன்?"

"உண்மையச் சொல்லு. என்னிக்கிருந்தாலும் தெரியத்தானே போகுது."

"சொல்லலாம்டா. சொன்னா அவரு கால யாரு திருப்பிக் குடுப்பா?"

தான் இருக்கிறவரைக்கும் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். புனேயில் இருக்கிற மகளுக்கும் இப்போது சொல்ல வேண்டாம் என்றாள். தெரிந்தால் அவள் அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கிக் கழுத்தை நீட்டுவாள். அம்மாவைக் கொண்டவளாயிற்றே. பல்லைக் கடித்துக்கொள்ளும் வித்தை அவளுக்கும் போக வேண்டாம் என்று சுகன்யா நினைத்தாள்.

தை பிறப்பதற்குள் செந்தில்நாதனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன் அறையில் ஜன்னலோரம் கட்டில். சிறுநீருக்குக் குழாய் வைத்திருந்தது. துடைத்துவிடக் காலையும் மாலையும் ஒரு அம்மாள் வந்துபோனாள். பழைய கூட்டாளிகள் பார்க்க வந்தபோது அவர் போர்வையை விலக்கி, மரக்கட்டை மாதிரிக் கிடந்த காலைத் தானே காட்டினார்.

"இதுவா? இது போகட்டும்ப்பா. எம்பொண்ணப் பாருங்க. சுத்தமா வலி போயிடுச்சு. அதுக்கு இது ஈடாகுமா?"

அவர்கள் சுகன்யாவைப் பார்த்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குனிந்தால் கொஞ்சம் விடும். குனிந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

"இன்னும் இளைச்சுத்தான் இருக்கு" என்றார் ஒருவர்.

"பட்டை போட்டிருந்த உடம்புல்ல, தேற நாளாகும்" என்று செந்தில்நாதன்தான் பதில் சொன்னார். இதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

கூட்டாளிகள் போன பிறகு அவர் மகளின் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். "உண்மையச் சொல்லும்மா. நெஜமாவே இல்லதானே?"

"இல்லப்பா."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மலைக்கோட்டையிலிருந்து இறங்கி வந்த அன்றுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை. "எத்தன மாசமாச்சு நீ இப்படி நிமிந்து உக்காந்து! பாக்கவே நல்லாயிருக்கு" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். "உன் கையால ஒரு காபி போட்டுக் குடேன். சக்கரை போடாமத்தான்."

"இதோப்பா."

நாற்காலியிலிருந்து எழ வேண்டும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சுகன்யா சிரித்த முகம் மாறாமல், கையை எங்கும் ஊன்றாமல், எழுந்து நின்றாள்.